மீட்டரைப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

போன மாதம் ஓசூரிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். எனக்குக் கீழே பல வருடம் வேலை பார்த்தவரின் மகள். இப்போது ஏதோ ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் பெரிய வேலையில் இருக்கிறாள். "அங்கிள், ஆபீசுக்கு கார் லீஸுக்கு எடுக்கலாமா, சொந்தமா வாங்கிடலாமான்னு ரிப்போர்ட் கேக்கறாங்க. நீங்க அந்தக் காலத்துல இதெல்லாம் பண்ணியிருப்பீங்கன்னு அப்பா சொன்னார். ஒரு ஐடியா குடுங்களேன்" என்றாள்.

"முதல்ல எழுந்து போயி வண்டியோட மீட்டரப் பாரு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா சிஸ்டத்துக்கே வந்துடும் அங்கிள்." சிரிக்கட்டும். அவளுக்கு அது சிரிப்பு. நான் போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். உள்ளே இருந்த மனைவி "யாரு, என்னாச்சு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். எண்பதை நெருங்கும் வயதில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? எழுதியாவது வைப்போம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் இன்னாசிமுத்து. கிருஷ்ணகிரியில் எஸ்.எஸ்.எல்.சி., அங்கேயே டைப்ரைட்டிங் லோயர், சேலத்தில் ஒரு மில் ஆபீசில் ஆறு மாதம் ஃபைல் தூக்கியது. என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில், கிருஷ்ணகிரியிலிருந்து குந்தாரப்பள்ளி போகும் வழியில், பெங்களூர் ரோட்டோரம் இருந்த ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். இந்தக் கதை நடந்தபோது எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

அப்பா இல்லை. அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் கொல்லையில் களை பிடுங்கியவள். எங்கள் வீட்டில் செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். என்னைப் படிக்க வைத்தது என் அண்ணன் லூர்து. அவன் ஆறாவதோடு நின்று, லாரியில் கிளீனராக ஏறி, டிரைவர் தூங்கும்போது ஸ்டீயரிங் பிடித்துப் பழகி, லைசென்ஸும் எடுத்துவிட்டான். ஆனால் நிலையான வண்டி கிடையாது. யாராவது டிரைவர் லீவு போட்டால் இவனைக் கூப்பிடுவார்கள். மாதத்தில் பாதி நாள் பஸ் ஸ்டாண்டில் பீடி பிடித்துக்கொண்டு நிற்பான். இருபத்தெட்டு வயதாகியும் அதனாலேயே கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பெண் வீட்டார் "மாப்பிள்ளை எங்க வேலை செய்யறார்?" என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

எங்கள் மேனேஜர் வரதராஜன். ஒல்லியான ஆள். குரல் ஏறி அதுவரை நான் கேட்டதேயில்லை. அதுதான் பயமே. காகிதத்தில் தப்பு இருந்தால் எங்கே என்று சொல்ல மாட்டார். ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்து, காகிதத்தைக் கவிழ்த்து மேசை விளிம்புக்குத் தள்ளுவார். அதை எடுத்துக்கொண்டு போய் நாமே தேட வேண்டும். ஒருமுறை "மற்றும்" என்ற சொல் இரண்டு தடவை வந்ததற்கு நான் ஒரு முழுக் காலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன். ஒரே காகிதத்துக்கு இரண்டாவது புள்ளி விழுந்தால் பேச்சு முடிந்தது என்று சொல்வார்கள். எனக்கு முன்னால் இருந்த கிளார்க் அப்படித்தான் போனானாம்.

கம்பெனிக்குச் சொந்தமாக வண்டி இல்லை. சூளகிரிப் பக்கத்து வெங்கடப்பாவின் காரை மாத வாடகைக்கு வைத்திருந்தோம். பெட்ரோலும் அவருடையது, ஓட்டுவதும் அவரே. எவ்வளவு ஓடினாலும் மாதம் ஒரே வாடகை. வெங்கடப்பா வீட்டில் தெலுங்கு பேசுவார், பெங்களூர் போனால் கன்னடம், எங்களிடம் தமிழ். ஆனால் எழுதப் படிக்கத் தெலுங்கும் எண்களும் மட்டும்தான் தெரியும். தன் இரண்டு ஏக்கர் நிலத்தை விற்று, பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழைய சீமைக் காரை வாங்கியிருந்தார். "நம்ம நெலம் இதுதான் சாமி, சக்கரம் வெச்ச நெலம்" என்று பானெட்டைத் தட்டுவார். காலையில் ஏழு மணிக்குக் கேட்டில் நிற்பார். அதில் ஒருநாளும் தவறியதில்லை.

அந்த வருடம் சீசனுக்குச் சற்று முன் மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்றைக்குக் கார் வாங்குவது கடைக்குப் போய் வாங்குகிற காரியமில்லை. பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். யாரோ ஒருவர் தன் முறை வந்தபோது வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். அந்த வண்டியை எங்கள் முதலாளிக்குத் தருவதாகக் கார் ஏஜெண்ட் எழுதியிருந்தார். வண்டி வர ஆறு வாரம். அதற்குள் வேண்டுமா வேண்டாமா என்று தந்தி கொடுக்க வேண்டும். புது வண்டிக்கு ஒரு கிலோமீட்டர் ஓட என்ன செலவாகும் என்றும் அவரே குறித்து அனுப்பியிருந்தார்.

முதலாளி மெட்ராஸில் இருந்தார். "வாடகையா சொந்தமா, கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்று மேனேஜருக்கு எழுதினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாசி, ஒரு நோட்டுப் போடுங்க. முப்பது நாள். வண்டி கேட்டை விட்டுப் போகும்போது மீட்டர் எவ்வளவு, திரும்பி வரும்போது எவ்வளவு, எதுக்குப் போச்சு. ஒவ்வொரு தடவையும் நீங்க எழுந்து போய், கதவைத் திறந்து, மீட்டரைக் கண்ணால பாத்து எழுதணும். எழுதி உங்க இனிஷியல் போடணும். வெங்கடப்பா சொல்றதைக் கேட்டு எழுதக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சது சார்."

நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். "புறப்பாடு கி.மீ.", "திரும்புதல் கி.மீ.", "ஓட்டம் கி.மீ." என்று முத்து முத்தாகத் தலைப்பு எழுதினேன். பள்ளிக்கூடத்தில் புது மெட்ரிக் அளவுகளைப் படித்துவிட்டு வந்தவன் அல்லவா? கிலோமீட்டரைத் தவிர வேறு ஏதாவது இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

முதல் நாள் எழுந்து போய்ப் பார்த்தேன். கண்ணாடி மங்கிப்போய் எண்கள் மட்டும் தெரிந்தன. குறித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் பழ லாரிகள் வரிசை கட்டி நின்றன, எடைச் சீட்டு எழுதவே எனக்கு இரண்டு கை போதவில்லை. வெளியே அனல். வெங்கடப்பா என் ஜன்னலுக்கு வந்து, "கிளார்க் சாமி, எளுதிக்க, நாலு ரெண்டு சைபர் ஏளு" என்று கத்தினார். எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் வெயிலில் நின்று கத்துவார், நான் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து எழுதி இனிஷியல் போடுவேன். முப்பதாம் நாள், கடைசிப் பக்கத்தில் "மீட்டரை நேரில் பார்த்து எழுதியது" என்று டைப் அடித்து முழுக் கையெழுத்தே போட்டேன். கூசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்குக் கூசுகிறது.

மாத ஓட்டம் ஆயிரத்து எண்ணூறு வந்தது. ஏஜெண்ட் சொன்ன செலவால் பெருக்கி, டிரைவர் சம்பளத்தையும் சேர்த்தால், வெங்கடப்பாவுக்குக் கொடுக்கும் வாடகையைவிட நன்றாகவே குறைந்தது. சொந்த வண்டிதான் லாபம். பளிச்சென்று இருந்தது கணக்கு. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டி என்றால் டிரைவர் வேண்டும், டிரைவர் என்றால் அண்ணன் இருக்கிறான் என்று கணக்குப் போடும்போதே மனதில் ஓடியது. அதனால்தானோ என்னவோ, எதையும் இரண்டு தடவை பார்க்கிற நான் அந்தக் கணக்கை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

மேனேஜர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெங்களூர் போய்வர நூற்றுச் சொச்சம் என்று இருந்த இடத்தில் விரல் நின்றது. "சரிதான்" என்று தலையாட்டினார். பெங்களூர் என்றால் அவர் காதுக்கு ஒரு வழிக்கு ஐம்பத்துச் சொச்சம்தான் பழக்கம், ஆயுள் முழுக்க மைலில் நினைத்த மனிதர். எண் பொருந்தியது, விட்டுவிட்டார். சிவப்புப் பென்சிலைத் தொடவேயில்லை. கையெழுத்துப் போட்டு மெட்ராஸுக்கு அனுப்பினார்.

புதன்கிழமை முதலாளியின் பதில் வந்தது. வாங்கலாம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் ஏஜெண்டுக்குத் தந்தி போக வேண்டும். வெங்கடப்பாவுக்கு மாதக் கடைசியோடு கணக்கை முடித்துக்கொள்வதாகக் கடிதம் டைப் அடித்து வைக்கச் சொன்னார் மேனேஜர். தந்தி போன பிறகு கொடுப்பதாக ஏற்பாடு. டைப் அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே, "நம்பிக்கையான டிரைவர் யாராவது தெரியுமா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் இருக்கான் சார்" என்று அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. இந்த வண்டியிலயே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டட்டும்."

அன்று சாயங்காலம் வீட்டில் நான்தான் ராஜா. அம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். லூர்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்க் காக்கித் துணி எடுத்து, அப்படியே தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தான். "கம்பெனி வண்டிடா. அழுக்குச் சட்டையில போயி நின்னா உனக்குத்தான் அசிங்கம்" என்றான்.

வியாழக்கிழமை காலை ஒரு தலைவலி. பெங்களூரிலிருந்து காலி டின் ஏற்றிவந்த லாரியை, ஏதோ ஒரு காகிதம் இல்லையென்று ஓசூர் எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். இங்கே பழம் பழுத்து வழிகிறது, அடைக்க டின் இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடச் சொன்னார் மேனேஜர். வெங்கடப்பாவின் காரில் முன் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

குந்தாரப்பள்ளி தாண்டியதும் ரோட்டோரம் பழைய மைல் கற்களைப் பிடுங்கிப் படுக்கப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிய கிலோமீட்டர் கற்கள், மஞ்சள் பூச்சு காயாமல் நின்றன. நான் சும்மா இருக்காமல் எண்ணிக்கொண்டே வந்தேன்.

"என்னா சாமி கல்ல எண்றீங்க?" என்றார் வெங்கடப்பா.

"சும்மாதான். சூளகிரி வரைக்கும் எத்தனைன்னு."

"இந்தப் புதுக் கல்லு நம்ம வண்டிக்கு ஒத்து வராது சாமி. நம்மது சீமை வண்டி. மைலுக் கணக்கு. பத்துக் கல்லு போனாத்தான் இது ஆறு காட்டும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் மெதுவாகக் குனிந்து மீட்டரைப் பார்த்தேன். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். எண்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் மைல் என்று பொடி எழுத்தில் இருந்தது. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அடுத்த பத்துக் கல்லை எண்ணினேன். ஆறுதான் ஓடியிருந்தது. பாவி, முப்பது நாளில் ஒருநாள் இதைத் துடைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

"ஏம் சாமி, வாந்தி வர்ற மாதிரி இருக்கா? நிறுத்தட்டா?"

"வேணாம், போங்க."

ஓசூரில் காகிதத்தைக் காட்டி லாரியை விடுவித்ததெல்லாம் கனவு மாதிரி நடந்தது. திரும்பி வரும்போது டின் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஆயிரத்து எண்ணூறு மைல் என்றால் ஏறக்குறைய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். சொந்த வண்டியில் அவ்வளவு ஓட்டினால் வாடகையைத் தாண்டிப் போய்விடுகிறது. எப்படிப் போட்டாலும் தாண்டுகிறது. வாடகை வண்டிதான் லாபம். வெங்கடப்பாவைத் தூக்கி எறிய ஒரு காரணமும் இல்லை, என் நோட்டுத் தலைப்பைத் தவிர.

அவர் பக்கத்தில் ஒரு தெலுங்குப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். திடீரென்று, "அடுத்த சீசனுக்குள்ள சீட்டுக்கு புது ரெக்ஸின் போட்டுடறன் சாமி. மேனேஜர் அய்யா முதுகுக்குக் குத்துது போல, அடிக்கடி நெளியறாரு" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கணக்கை முடிக்கும் கடிதம் என் மேசை டிராயரில் இருந்தது.

அன்று முழுக்க என் புத்தி எனக்கே வக்கீலாகப் பேசியது. கம்பெனிக்கு என்ன நஷ்டம், கொஞ்சம்தானே? முதலாளியே சரி என்றுவிட்டார். மேனேஜரே பார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. வெங்கடப்பாவுக்கு வேறு வாடகை கிடைக்காமலா போகும்? சொன்னால் என்ன ஆகும்? நேரில் பார்த்தேன் என்று பொய்க் கையெழுத்துப் போட்டது வெளியே வரும். வேலை போகும். அண்ணன் வேலையும் போகும். ஒரே வாயால் வீட்டில் இரண்டு பேர் சோற்றைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். இதற்கெல்லாம் எதிரே நின்றது ஒன்றே ஒன்றுதான், அந்த மனுஷன் தினமும் வெயிலில் நின்று சரியான எண்ணைக் கத்தியது. அவர் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்ததும் போய் நின்றேன்.

"சார், கார் கணக்கு தப்பு."

நிமிர்ந்து பார்த்தார். "எங்கே?"

"ஓட்டம் சார். அது கிலோமீட்டர் இல்ல, மைல். நான் தலைப்புல தப்பா எழுதிட்டேன்."

அவர் நோட்டை எடுத்தார். பெங்களூர்ப் பக்கத்தைத் திருப்பினார். அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்துத் தானே பெருக்கினார். பேனா விறுவிறுவென்று ஓடியது.

"மீட்டரை நேர்ல பாத்து எழுதினதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பாத்தீங்களா?"

"முதல் நாள் மட்டும் சார். அன்னிக்கும் எண்ணை மட்டும்தான் பாத்தேன்."

"மத்த நாள்?"

"வெங்கடப்பா சொல்லச் சொல்ல எழுதினேன் சார்."

பேனாவை மூடி வைத்தார். "புது வண்டிக்கு வர்ற டிரைவர் உங்க அண்ணன் இல்லையா?"

"ஆமா சார்."

"தெரிஞ்சே பண்ணினீங்களா?"

"மாதா சத்தியமா இல்ல சார். நேத்து ஓசூர் போகும்போதுதான் தெரியும்." அழக் கூடாது என்று நினைத்தேன், குரல் சொன்னபடி கேட்கவில்லை.

"நான் நம்பறேன்னே வெச்சுக்குங்க. மெட்ராஸ்ல இருக்கறவர் நம்பணுமே." போனைப் பார்த்தார். "டிரங்க் கால் புக் பண்ணுங்க. அவசரக் கால். நீங்க இங்கேயே நில்லுங்க, எங்கயும் போகக் கூடாது."

பத்தரைக்குப் பதிவு செய்தேன். கிருஷ்ணகிரி எக்ஸ்சேஞ்சில் "லைன் கிடைச்சா கூப்பிடறோம்" என்றார்கள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. அவர் சாப்பிடப் போகவில்லை. அதனால் நானும் போகவில்லை. வேலையும் கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெங்கடப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை மணி அடித்தது, இரண்டு தடவையும் வேறு யாரோ. மூன்று மணி சுமாருக்குத்தான் மெட்ராஸ் கிடைத்தது. டிரங்க் காலில் கத்தித்தான் பேச வேண்டும். வரதராஜன் சத்தம் போட்டு நான் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

"கார் கணக்கு சார்! தப்பு! வாடகைதான் குறைவு! ... ஆமா சார், மைல், மைல்! ... என் கையெழுத்து சார், ஒத்துக்கறேன்! ... கிளார்க்கா? ... இல்ல சார், தானே வந்து சொன்னான்! சொல்லலேன்னா நாளைக்குத் தந்தி போயிருக்கும்! ... இல்ல சார், அனுப்ப வேண்டாம்! பாக்காம கையெழுத்துப் போட்டது நானும்தான்! அவனை அனுப்பணும்னா என்னையும் அனுப்பணும்!"

அப்புறம் வெகுநேரம் "சரி சார், சரி சார்" மட்டும்தான். போனை வைத்தவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கார் வேண்டாம்னுட்டார். வெங்கடப்பாவே ஓட்டட்டும். நீங்க டைப் அடிச்ச கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. உங்க வேலை நிரந்தரம் ஆகறது இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போகும். அவர் சொன்னது." வழக்கமான மெல்லிய குரல் திரும்பிவிட்டிருந்தது. "உங்க அண்ணன்கிட்ட நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"சொல்றேன் சார்."

சொல்லவில்லை. அதுதான் என் வெட்கக்கேடு. வீட்டுக்குப் போனபோது தையல்காரரே சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிட்டாராம். லூர்து காக்கிச் சட்டையும் பேன்ட்டும் மாட்டிக்கொண்டு நடு வீட்டில் நிற்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் "டேய், போலீஸ்காரனாட்டம் இருக்கறடா" என்று சீண்டுகிறார். அம்மா என்னைப் பார்த்ததும், "பொண்ணு வீட்டுல இருந்து ஆள் வந்துது இன்னாசி. ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சுட்டு பேச வராங்களாம். கம்பெனி டிரைவர்னு சொல்லிட்டன்" என்றாள். வாயைத் திறந்தேன். "தண்ணி குடு" என்றுதான் வந்தது. மேனேஜர் முன்னால் நின்று சொன்னவனுக்கு, சொந்த அண்ணன் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, சீசன் வேலை என்று சொல்லி அவன் எழுவதற்குள் கிளம்பிவிட்டேன்.

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டில் பஸ் நின்றது. லூர்து இறங்கினான். தலையில் எண்ணெய் வழிய வாரியிருந்தான். கையில் லைசென்ஸ், மடங்காமல் இருக்க ஒரு நோட்டுக்குள் வைத்திருந்தான். நான் ஓடினேன். எனக்கு முன்னால் வெங்கடப்பா அவனைப் பிடித்துக்கொண்டு, "யாருப்பா நீ, புது ஆளா? யாரைப் பாக்கணும்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இப்படி வா" என்று சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "வேலை இல்லண்ணா. கார் வாங்கல."

"என்னாடா சொல்ற? நேத்து வரைக்கும் இருந்துதே."

"நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். வெங்கடப்பா வண்டி மீட்டர் மைலு. நான் கிலோமீட்டர்னு எழுதிட்டேன். சரியாப் போட்டா வாங்கறது நஷ்டம். நேத்து மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்ல... ராத்திரி வாய் வரலண்ணா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திரும்பி, கேட்டருகே நின்ற காரைப் பார்த்தான்.

"அந்த வண்டியா?" என்றான். "அது சீமை வண்டிடா. அந்த வண்டி எல்லாம் மைலுதான். எந்த டிரைவரக் கேட்டாலும் சொல்வானே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பன்."

"உனக்கு வேலை வரும்னுதாண்ணா..."

"தெரியுது. இருந்தாலும் சொல்லியிருப்பன். அந்த ஆளு வண்டியத் தின்னுட்டு நான் கல்யாணம் கட்டிக்கவா?" சட்டை முன்பக்கத்தை ஒரு தடவை இழுத்து விட்டுக்கொண்டான். "என்னைக் கேக்கணும்னு உனக்குத் தோணல, இல்ல? ஆறாவது படிச்சவன்கிட்ட என்னா கணக்குக் கேக்கறதுன்னு."

அது நிஜம். முப்பது நாளும் ஒரே வீட்டில், ஒரே தட்டு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கார் கணக்கு, கார் கணக்கு என்று நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. வாழ்க்கையில் வண்டியைத் தவிர வேறு எதையும் அறியாத ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தான்.

குந்தாரப்பள்ளிப் பக்கமிருந்து கிருஷ்ணகிரி பஸ் வருவது தெரிந்தது. அவன் கையைக் காட்டினான்.

"நாளைக்குப் பொண்ணு வீட்டுல வராங்களே, அம்மாகிட்ட நான் சொல்றேண்ணா" என்றேன்.

"வேணாம், நான் சொல்லிக்கறன். நீ சொன்னா அம்மா உன்னைத் திட்டும்." படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான். "நீ உள்ள போ. வேலை நேரத்துல கேட்டுல நிக்காத."